கல்லான மரமும் கரியான மரமும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்துக் கண்டவர்கள் தமிழர். அப்பகுப்பு நிலத்தின் மேற்பரப்பைப் பற்றியது. அதன் உள்ளடுக்குகளைக் குறிக்கும் சொற்களையும் நாம் அறிதல் வேண்டும். அவற்றுக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திண்டிவனத்திற்குத் தெற்கே திருவக்கரையும், விழுப்புரத்திற்குத் தெற்கே நெய்வேலியும் உள்ளன.

திருவக்கரையில் கிடப்பவை கல்மரங்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரங்கள் மணலுள் புதைந்தன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா அவற்றுள் ஊறிப் புகுந்து, மரத்தின் உள்ளமைப்பு மாறாமல் கல்லாக்கியது. இவ்வாறு பாறையில் எஞ்சிய பண்டை உயிரின் தடமே ‘தொல்லுயிர் எச்சம்’ எனப்படும். இக்கல்மரங்களைத் தாங்கிய பாறைக்குக் ‘கடலூர் மணற்கல்’ என்று பெயர்.

அதே வகை மணற்கல்தான் நெய்வேலியில் நிலக்கரியின்மேல் போர்த்திக் கிடக்கிறது. அடுக்குகள் புரளாத இடத்தில் கீழுள்ளது மூத்தது, மேலுள்ளது இளையது என்பது ‘அடுக்கமைவு விதி’. ஆகவே நெய்வேலிக் கரி அம்மணற்கல்லினும் மூத்தது.

திருவக்கரையில் மரம் கல்லானது, நெய்வேலியில் கரியானது. ஏன்? சதுப்பு நிலத்தில் வீழ்ந்த தாவரங்கள் காற்றுப் படாமையால் முற்றும் மட்காது தங்கி, முதலில் ‘பீட்’ ஆகின்றன. மேலே மண் படியப் படிய அழுத்தமும் வெப்பமும் மிகுந்து, அது பழுப்பு நிலக்கரி, பிட்டுமினஸ், ஆந்த்ரசைட் எனப் படிப்படியே முதிர்கிறது. இம்முதிர்ச்சியின் அளவே கரியின் ‘தரநிலை’. நெய்வேலியில் கிடைப்பது ‘லிக்னைட்’ எனப்படும் பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமே. அதனைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது நீரைச் சுமப்பதற்கு ஒப்பாகும். ஆதலின் சுரங்கத்தின் அருகிலேயே அனல்மின் நிலையம் எழுந்தது.

கரி படிந்த பெரும்பள்ளம் ‘படுகை’. அதனுள் பாய்போல் விரிந்திருப்பது ‘கரியடுக்கு’. அடுக்கின் கிடக்கையை ஓட்டுக்கூரையைக் கொண்டு விளக்கலாம். முகட்டுக் கோடு செல்லும் திசை ‘போக்கு’. ஓடு இறங்கும் சரிவு ‘சாய்வு’. அடுக்கு இடையில் முறிந்து ஒருபுறம் மேலோ கீழோ நகர்ந்திருப்பின் அது ‘பிளவுப் பெயர்ச்சி’. இம்மூன்றையும் அறியாமல் சுரங்கம் வெட்ட இயலாது.

கரிக்கு மேலுள்ள மண்ணும் பாறையும் ‘மேல்மண்’ எனப்படும். 1957 மே 20-இல் பிரதமர் நேரு நெய்வேலிச் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரி வெளிப்பட்டதோ 1961-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகள் மேல்மண்ணை அகற்றுவதிலேயே கழிந்தன.

கரிக்கு அடியிலோ மற்றோர் இடர் உண்டு. அங்குள்ள மணலடுக்கு ஒரு ‘நீர்த்தாங்கி’. அதில் நீர் பேரழுத்தத்துடன் அடைபட்டுள்ளது. இதுவே ‘ஆர்ட்டீசியன்’ நீர். மேற்சுமை நீங்கினால் அந்நீர் சுரங்கத் தரையைப் பிளந்து மேலெழும். எனவே ஆழ்துளைக் கிணறுகளால் இரவுபகலாக நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்கின்றனர். நீர்த்தாங்கிக்கு ஊர் எல்லை கிடையாது. ஓரிடத்தில் இறைப்பது சுற்றுவட்டாரத்து நீர்மட்டத்தையும் தாழ்த்தும்.

2023 சூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. சுரங்கப் பொறியாளருக்கு ‘மேல்மண்’ என்பது அகற்ற வேண்டிய சுமை. உழவருக்கு அதுவே வாழ்வு. கரியால் கிடைத்த ஒளி நம் வீடுகளிலும் எரிகிறது; அதனை மறுத்தற்கில்லை. ஆயினும் இச்சொற்களின் பொருளறிந்த மக்களே நீர் எவ்வளவு இறைக்கப்படுகிறது, அகற்றிய மண் எங்கே கொட்டப்படுகிறது, வெட்டிய நிலம் மீண்டும் விளைநிலமாகுமா என்று தெளிவாகக் கேட்க இயலும். கலைச்சொல்லைத் தமிழில் கற்பதன் பயன் அதுவே. மாணவச் செல்வங்கள் ஒருமுறையேனும் திருவக்கரையையும் நெய்வேலியையும் இச்சொற்களோடு சென்று காண்பார்களாக.