உங்களுக்குத் தெரியுமா? பழைய பேட்டரியின் எண்ணிலேயே அளவு இருக்கிறது

வேனுக்குப் பழைய பேட்டரி வாங்கப் போகிறீர்களா? ஜப்பானிய முறைப்படி ‘55பி24எல்’ என்று பொறித்திருந்தால், 24 என்பது பேட்டரியின் நீளம், சென்டிமீட்டர் கணக்கில். கடைசி எழுத்து ‘எல்’ஆ, ‘ஆர்’ஆ என்பதை அவசியம் பாருங்கள், பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்று சொல்வது அதுதான். பக்கம் மாறினால் வேனின் வயர் எட்டாமல் போகலாம். இழுத்து மாட்டவே கூடாது.

மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். தகடுகளில் சல்பேட் படிந்து தேய்ந்த பேட்டரியும் சும்மா இருக்கையில் கிட்டத்தட்ட அதே அளவைக் காட்டும். செல்ஃப் அடித்ததும் படுத்துவிடும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டீசல் வேன் என்றால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம்: அழுத்தம் மிகுந்த அந்த எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் ஆம்பியர் வேண்டும்.