கொழுப்புக்கு இடம் போதாதபோது

உடல் பருத்தால் சர்க்கரை நோய் வரக்கூடும் என்பது தெரிந்ததே. ஆனால் கொழுப்பின் அளவை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. லிப்போடிஸ்ட்ரோபி என்ற அரிய நோயில் தோலடிக் கொழுப்பே ஏறக்குறைய இருக்காது. அந்த நோய் உள்ளவர்களுக்கும் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. சேமிக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் படிந்து இன்சுலினின் வேலையைக் கெடுப்பதே காரணம். பருமனிலும் இதுதான் நடக்கிறது. கொழுப்புச் செல்கள் அளவுமீறி ஊதி, சில மடிகின்றன. மடிந்த செல்லைச் சுற்றி மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் வளையமாகக் கூடி அழற்சியை மூட்டுகின்றன. இன்சுலினுக்குக் கட்டுப்படாத கொழுப்புச் செல், சாப்பிட்ட பிறகும் கொழுப்பு அமிலத்தை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும்.

குண்டாக இருந்தும் சிலருக்குச் சர்க்கரை சீராக இருக்கிறதே என்று கேட்கலாம். அவர்களுக்குத் தோலடியில், குறிப்பாகத் தொடையில், கொழுப்பைத் தாங்க இன்னும் இடமிருக்கிறது. அந்தத் தாங்குதிறன் நிரந்தரமல்ல. சர்க்கரை நோய்க்கான பயோகிளிட்டசோன் மாத்திரை எடையைக் கூட்டினாலும் இன்சுலினை நன்றாக வேலைசெய்ய வைப்பதற்கும் பெரும்பாலும் தோலடியில் கொழுப்புக்கு இடம் கூடுவதே காரணம். மறுபுறம், எடை சரியாக இருந்தாலும் உடலில் கொழுப்பு அதிகமாக இருக்கலாம். 2004-இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 22.3, உடல் கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1. ஆகவே எடை சரியாக இருக்கிறது என்று இந்தியர்களைச் சோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரையைச் சோதித்தே ஆக வேண்டும்.