அறுவை மருத்துவத்தில் அபின்வழி வலிநீக்கிகள்: காலமும் அளவும்

திசு காயமுற்றபின் தண்டுவட நரம்பணுக்களின் தூண்டற்பாடு மிகுவதை 1983இல் கிளிஃபோர்டு உல்ஃப் எலிகளில் காட்டினார். கத்தி படுமுன்பே மருந்தளித்தால் இம்மிகுதியைத் தடுக்கலாம் என்னும் கருத்துக்குப் பேட்ரிக் வால் 1988இல் வலுச்சேர்த்தார். கருத்து கவர்ச்சியானதே, மருத்துவச் சோதனைகள்தாம் துணைநிற்கவில்லை. 2002இல் மொய்னிக்கே குழுவினர் தொகுத்தாய்ந்தபோது, கீறலுக்கு முன் அளிப்பதால் பெரும்பாலும் கூடுதல் பயன் புலப்படவில்லை.

எனினும் காலம் பொருளற்றதன்று. அறுவையின் முடிவில்தான் அதன் முதன்மை விளங்குகிறது. ரெமிஃபென்டனில் குருதியிலும் திசுக்களிலும் உள்ள எஸ்டரேசு நொதிகளால் சிதைவதால், எத்தனை மணி நேரம் செலுத்தியிருந்தாலும் நிறுத்திய சில நிமிடங்களில் அதன் விளைவு அகன்றுவிடும். சிரைவழி மார்ஃபினோ முழு விளைவை எட்ட ஏறத்தாழ 20 நிமிடங்கள் கொள்ளும். முன்னதை நிறுத்தியபின் பின்னதைத் தொடங்கினால், நோயாளி கடும் வலியுடனேயே கண்விழிப்பார். ஆதலின் அறுவை முடிய அரைமணி நேரம் இருக்கும்போதே மார்ஃபின் செலுத்தப்பெறுகிறது.

விழித்தபின் அளவைத் தீர்மானிப்பது நோயாளியின் மறுமொழியே. பெரியவர்களுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வரை, 5 நிமிட இடைவெளியில், வலி தணியும்வரை அளிப்பது வழக்கம். முந்தைய அளவு உச்சத்தை எட்டுமுன்பே அடுத்தது சேர்வதால், ஒவ்வொரு முறையும் அரைமயக்க நிலையை நோக்குதல் இன்றியமையாதது. மூச்சு எண்ணிக்கை குறையுமுன்பே அது ஆழ்ந்துவிடக்கூடும். பெரியவர்களின் தேவையை முன்னுணர்த்துவதில் உடல் எடையைவிட அகவையே சிறந்தது. முதியோருக்குக் குறைந்த அளவே போதும். சிறுநீரகம் செயலிழந்தோரிடம் மார்ஃபின்-6-குளுகுரோனைடு தேங்கிப் பல மணி நேரம் கழித்தும் மூச்சைத் தாழ்த்தும். அவர்களுக்கு ஃபென்டனிலே ஏற்றது.