நாய்க்குட்டிக்கு முன்னம் வீட்டாருக்குப் பயிற்சி

பிள்ளைகள் மாதக்கணக்கில் கேட்டு, கடைசியில் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்துவிடும். எங்கட வீட்டுக்கு வந்தது ஜிம்மி, ஒரு லாப்ரடோர். வரும்போது எட்டு வாரம். வளர்ந்தால் 30 கிலோ வரும் சாதி. நானும் இவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போனால், பகலில் அதோடு வீட்டில் நிற்கிறவர் என்ர அம்மா. வயது 74. அந்தப் பாரம் அன்பாகப் பாய்ந்தாலே இடுப்பெலும்பு முறியலாம். "பாயிற நாய் எண்டால் நான் தம்பி வீட்ட போயிடுவன்" என்று முதல் நாளே சொல்லிப்போட்டா. அதனால் எங்களுக்குப் பயிற்சி என்பது பொழுதுபோக்கு இல்லை.

முதல் கேள்வி, எந்த மொழியில் கட்டளை? வகுப்பில் 'சிட்', 'ஸ்டே' என்றுதான் சொல்லித் தருவார்கள். அவசரத்தில் அம்மாவின் வாயில் வருவது தமிழ். நாய்க்கு எந்த மொழியும் ஒன்றுதான். ஓசையையும், அதற்குப் பிறகு என்ன கிடைக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் அது படிக்கிறது. அமெரிக்காவில் சேசர் என்ற போர்டர் கோலி நாய், ஜோன் பில்லி என்ற பேராசிரியரிடம் மூன்று வருடத்தில் 1,022 விளையாட்டுப் பொருட்களின் பெயர்களைப் படித்தது. எங்களுக்கு ஐந்து சொல் போதும்.

சிக்கல் எங்கட தமிழில் இருந்தது. ஒரு சொல்லை நாங்கள் ஒரு மாதிரிச் சொல்லுவதில்லை. வா, வாடா, வாங்கோ செல்லம், வந்திட்டுப் போ. அதைவிட 'இரு' இன்னும் மோசம். ஒருவர் உட்காரச் சொல்லி 'இரு' என்பார், மற்றவர் "இரு, வாறன்" என்று பொறுக்கச் சொல்லுவார். மென்பொருள் எழுதுகிற எனக்கு இது தெரிந்த தலையிடி. ஒரே பெயர் இரண்டு வேலை செய்தால் எங்கேயோ உடையும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினோம்: இரு என்றால் உட்கார், நில் என்றால் அசையாதே, வா, விடு, படு. வேறு சொல் இல்லை, வால் ஒட்டவும் கூடாது.

'இரு' பழக்குவது சுலபம். தீனியை மூக்குக்கு மேல் பிடித்து மெல்லப் பின்பக்கம் கொண்டுபோங்கள். தலை நிமிர, பின்பக்கம் தானாக நிலத்தில் இருக்கும். அந்த நொடியிலேயே தீனி கொடுக்கவேணும். பிந்தினால் எதற்குக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. ஒரு தடவைக்கு மூன்று, நான்கு நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை.

பாய்வதை நிறுத்த, பாயும்போது பேசாமல் திரும்பி நில்லுங்கள். கத்துவதும் கையால் தள்ளுவதும் அதற்கு விளையாட்டு. நாலு காலும் நிலத்தில் பட்டதும்தான் தடவலும் கதையும். வீட்டில் ஒருவர் மட்டும் "பரவாயில்லை" என்று விட்டாலும் பழக்கம் போகாது. எங்கட வீட்டில் அந்த ஒருவர் சின்னவன். அவனைப் பழக்கத்தான் கூடுதல் நாள் எடுத்தது.

மலசலம்: நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும் வெளியே, பனி கொட்டினாலும். அங்கே போனதும் உடனே பாராட்டுங்கள். உள்ளே போயிருந்தால் துடைத்துவிடுங்கள். பிறகு ஏசிப் பயன் இல்லை.

அடி? ஊரில் தடி எடுத்துப் பழக்கியதைப் பார்த்த பெரியவர்கள் அதைத்தான் சொல்லுவார்கள். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாடு, எல்லா நாய்களுக்கும் வெகுமதி முறையையே பரிந்துரைக்கிறது. பயந்த நாய் ஒருநாள் கடிக்கலாம், அப்போது அருகில் நிற்பது பிள்ளையாகவும் இருக்கலாம். சாப்பிடும்போதும் நித்திரையிலும் நாயைத் தொடக்கூடாது என்பது பிள்ளைகளுக்கான பயிற்சி.

ஏறக்குறைய 14 வாரத்துக்குள் பார்த்துப் பழகியவற்றுக்கு நாய் பிறகு அவ்வளவு பயப்படாது. அதனால் சேலை, ஊன்றுகோல், மிக்ஸி, குக்கர் விசில் எல்லாம் தீனியோடு சேர்த்துத்தான் ஜிம்மிக்கு அறிமுகம்.

அம்மம்மாமாருக்கு ஒன்று கட்டாயம் சொல்லுங்கள்: எங்கட சாப்பாட்டில் மிச்சம் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. பாயசத்து முந்திரிகைவற்றல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சொக்லேட்டும் ஆகாது. உப்பு, தூள் போடாமல் அவித்த எலும்பில்லாத கோழித்துண்டு போதும்.

ஜிம்மிக்கு இப்போது பத்து மாதம். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து 'இரு' என்றால் இருக்கிறான். அவ தம்பி வீட்டுக்குப் போகவில்லை. சின்னவன் வீட்டில் பிழையில்லாமல் சத்தமாகச் சொல்லும் தமிழ்ச் சொற்களும் இந்த ஐந்துதான். அதுவும் ஒரு தொடக்கம்.

நாய் வாங்க யோசிக்கிறீர்கள் என்றால், முதலில் வீட்டார் எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்து உங்கட ஐந்து சொல்லை எழுதுங்கள். அதில் ஒத்துப்போக முடியாவிட்டால், நாய்க்குட்டி இன்னும் கொஞ்சநாள் பொறுக்கலாம்.