கைப்பந்து ஆட்டக்காரரின் ஓட்டச் சிக்கனத்தில் ஆட்டத்திறன் பயிற்சியின் பங்கு: கயத்தாற்றுக் கரிசல் திடலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கைப்பந்துப் பயிற்சியைத் திடலைச் சுற்றும் நெடிய ஓட்டத்துடன் தொடங்குவது பரவலான வழக்கம். பந்துடன் செய்யும் பயிற்சியே ஓட்டத்தையும் மேம்படுத்துமா, எவ்வகைப் பயிற்சி எதனை வளர்க்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கைப்பந்து, ஓட்டச் சிக்கனம், ஆட்டத்திறன் பயிற்சி, கரிசல் மண், கயத்தாறு.

முன்னுரை

1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் உருவாக்கிய கைப்பந்தை ஆட இரு கம்பங்களும் வலையும் பந்தும் போதும். எனவே, வளைகோற்பந்துக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியை அடுத்துள்ள கயத்தாறு போன்ற கரிசல் ஊர்களுக்கும் இவ்வாட்டம் பொருந்துகிறது. பள்ளி மாணவர்க்குப் பயிற்சிக்கெனக் கிடைப்பது மாலையின் சிறுபொழுதே. அதனை ஓட்டத்திற்கும் பந்துக்கும் எவ்வாறு பகிர்வது என்பதே இங்குள்ள சிக்கல்.

சொல்லும் பொருளும்

‘ஓட்டத்திறன்’ என்னும் ஒரு சொல்லே வேகம், திசைமாறும் விரைவு, ஓட்டச் சிக்கனம் ஆகிய மூன்றையும் சுட்ட ஆளப்படுகிறது. இவை வேறுவேறானவை. ஒரே வேகத்தில் ஓடும் இருவருள் குறைந்த உயிர்வளியைச் செலவிடுபவரே சிக்கனமாக ஓடுபவர். கைப்பந்தில் ஒவ்வோர் அணிக்கும் உரிய பரப்பு 9 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. அதற்குள் நிகழும் ஓட்டம் சில அடிகளில் முடிந்து, நிற்றலாகவோ தாவலாகவோ மாறுகிறது.

ஆய்வுகள் காட்டுவன

ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் கேபெட் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இளையோர் கைப்பந்து ஆட்டக்காரரிடையே இருவகைப் பயிற்சிகள் 12 வாரங்களுக்கு ஒப்பிடப்பட்டன. ஆட்டவடிவப் பயிற்சி வேகம், திசைமாறும் விரைவு, தாவல், மதிப்பிடப்பட்ட உயிர்வளி ஏற்புத்திறன் ஆகியவற்றை உயர்த்தியது. நுட்பங்களைக் கற்பிக்கும் பயிற்சி, உடல்திறன்களுள் அடித்தாவலையும் வேகத்தையும் மட்டுமே உயர்த்தியது. எனினும் ஆட்ட நுட்பங்கள் அனைத்தும் இதனாலேயே சிறந்தன.

இவ்வாய்வு ஓட்டச் சிக்கனத்தை நேரடியாக அளக்கவில்லை. அதற்குப் பின்லாந்தில் பாவோலைனன் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு துணைநிற்கிறது. நெடுந்தூர ஓட்டக்காரர் தம் வழக்கமான பயிற்சியின் ஒரு பகுதிக்கு மாற்றாகத் தாவல், குறுவிரைவோட்டம் முதலியவற்றை 9 வாரங்கள் மேற்கொண்டனர். உயிர்வளி ஏற்பின் உச்ச அளவு உயராதபோதும் ஓட்டச் சிக்கனம் மேம்பட்டது. 5 கிலோமீட்டர் ஓட்டநேரமும் குறைந்தது. தரையைத் தொட்டதும் விரைந்து எழும் தசை, நாண்களின் ஆற்றலே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. அடித்தலும் தடுத்தலும் வேண்டுவது இவ்வாற்றலையே. எனவே கைப்பந்துத் தாவற்பயிற்சி ஓட்டச் சிக்கனத்திற்கும் உதவும் எனக் கருத இடமுண்டு.

கரிசல் திடல்

கரிசல் மண் மழையில் நெகிழ்ந்து காலில் ஒட்டும், கோடையில் வெடிக்கும். இறுகிய தரையைவிட மணலில் ஓடுவதற்கு ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாவதை 1998இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கரிசல் மணலன்று, ஆயினும் கால் புதையும் தரை ஆற்றலை விழுங்கும் என்பது இரண்டிற்கும் பொது. ஐப்பசி ஈரத்திலும் சித்திரை வெயிலிலும் எடுத்த ஓட்டநேரங்களை ஒப்பிட்டால், தரையின் வேறுபாடு மாணவரின் வளர்ச்சியாகவோ தளர்ச்சியாகவோ பிழைபட உணரப்படும். ஆதலின் முன்அளவீடும் பின்அளவீடும் ஒரே இறுகிய தரையில் அமைதல் வேண்டும்.

முடிவுரை

ஆட்டவடிவப் பயிற்சி ஓட்டத்தை வளர்க்கிறது. கற்பிக்கும் பயிற்சி நுட்பத்தை வளர்க்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. எனவே சுற்றோட்டத்தை உடலைச் சூடேற்றும் அளவில் நிறுத்தி, களைப்பு ஏறுமுன் நுட்பங்களைக் கற்பித்து, எஞ்சிய பொழுதை ஆட்டவடிவப் பயிற்சிக்கு ஒதுக்குவது பொருத்தமாகும். மூன்று திறன்களுக்கும் தனித்தனிச் சொற்கள் வழக்கிற்கு வருமாயின், எதனை அளக்கிறோம் என்ற தெளிவு பயிற்றுநர்க்கும் மாணவர்க்கும் ஏற்படும்.