ரெட்டை எழுத்து காசு: எது நிஜம்? எது வெத்து?

எழுத்தும் வருஷமும் ரெட்டையாக விழுந்த காசு ஒன்று கையில் சிக்கிவிட்டால் போதும், "அடிச்சதுடா யோகம்" என்று துள்ளிக் குதிப்பவர்கள் ஏராளம். ஆனால் ரெட்டையாகத் தெரியும் காசுகளில் பெரும்பாலானவை கூடுதலாக ஒரு ரூபாய்கூட பெறாது. இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறுகிறவர்களும் உண்டு.

நிஜமான ரெட்டை எழுத்துக்குப் பேர் போனது, அமெரிக்காவின் 1955-ம் ஆண்டு லிங்கன் 1 சென்ட் காசு. பிலடெல்பியா நாணயச் சாலையில் அடித்த இந்தக் காசுகளில் 20 ஆயிரத்துக்கும் மேல் வெளியே போய்விட்டதாக மதிப்பிடப்படுகிறது. சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்த சில்லறையாகவே பல காசுகள் ஜனங்கள் கைக்கு வந்தன. இன்று ஒரு காசு ஆயிரம் டாலருக்கு மேல் விலை போகிறது.

தவறு எங்கே நடந்தது?

காசு அடிக்கும் அச்சை, தாய் அச்சில் வைத்து அழுத்தித் தயாரிப்பார்கள். அப்போதெல்லாம் ஒரு தடவைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாவது அழுத்தலில் அச்சு லேசாகத் திரும்பிவிட்டதால் அச்சிலேயே எழுத்து ரெட்டையாகப் பதிந்துவிட்டது. அதில் அடித்த எல்லா காசிலும் ஒரே மாதிரி ரெட்டை எழுத்து விழும். இதுதான் 'டபுள்டு டை'.

வெத்து ரகம் வேறு. அச்சில் கோளாறு இருக்காது. எந்திரத்தில் அச்சு லூசாக இருந்தால், காசை அடித்த கையோடு ஆடி, எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். இது காசுக்குக் காசு மாறும்.

கண்டுபிடிப்பது எப்படி?

லென்ஸ் வைத்துப் பாருங்கள். நிஜ ரகத்தில் இரண்டு எழுத்தும் உருண்டு, மேடாக நிற்கும். எழுத்து வழக்கத்தைவிட தடித்திருக்கும். முனையில் வெட்டுப்பட்டது போல பிளவு தெரியும்.

வெத்து ரகத்தில் ஓரம் மட்டும் படிக்கட்டு போல தட்டையாக, பளபளவென்று இருக்கும். அசல் எழுத்து மெலிந்து போயிருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. 1969-ல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த ரெட்டை எழுத்து சென்ட்டில், வருஷத்துக்குக் கீழே உள்ள 'எஸ்' முத்திரை மட்டும் ஒற்றையாகவே இருக்கும். காரணம், அந்த முத்திரையை அச்சில் தனியாகக் குத்துவார்கள். அதுவும் சேர்ந்து ரெட்டையாகத் தெரிந்தால் உஷார்!

தேய்ந்த அச்சாலும் ரெட்டை போலத் தெரியும். கடைசி 5 மட்டும் ரெட்டையாகத் தெரியும் 1955 சென்ட் அந்த ரகம்தான். அதற்குச் சொற்ப விலையே. 1955 சென்ட்டில் கள்ளக்காசும் உலவுவதால், நிபுணரிடம் காட்டாமல் வாங்கக்கூடாது.

விற்பவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. பழைய நோட்டு, நாணய விற்பனைக்கு தனது பெயரைச் சொல்லி கமிஷன், வரி கேட்கும் மோசடிக் கும்பல் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காசை விற்க முதலில் பணம் கட்டச் சொன்னால், அங்கேயே "வேண்டாம் சாமி" என்று நடையைக் கட்டுவதே நல்லது.