இரட்டை கார்புரேட்டரா? ஃப்யூல் இன்ஜெக்‌ஷனா? பழைய பைக்கில் கை வைக்கும் முன் இதைப் படிங்க!

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக செஞ்சிக்கு சுமார் 150 கி.மீ. காலையில் கிளம்பி, ராஜகிரி கோட்டை ஏறி இறங்கி, அன்றே திரும்பிவிடலாம். அதனால் வார இறுதி பைக் ரைடுக்கு தோதான ரூட் இது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த கோட்டை என்பது கூடுதல் ஈர்ப்பு.

இப்படி நீண்ட தூரம் போக ஆசைப்படும் பழைய பைக் பிரியர்கள், குறிப்பாக ராஜ்தூத் ஆர்டி350 வைத்திருப்பவர்கள், அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த ரெண்டு கார்புரேட்டரோட மல்லுக்கட்டுறதுக்கு, பேசாம எஃப்ஐ போட்டுடலாமா?"

பதில் அவ்வளவு நேரடியானது இல்லை. ஏன்னு பார்க்கலாம்.

ஒன்றுக்கு மேல் கார்புரேட்டர் எதற்கு?

இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது, அந்தக் காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியாக வேகமாகப் பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைவதால், கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஜெட் வழியாக மேலே இழுக்கப்பட்டு காற்றோடு கலக்கிறது. மோட்டார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. காற்றின் வேகம்தான் எல்லாம்.

இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர் என்றால், கலவை கிளை பிரிந்து போக வேண்டும். ஒரு சிலிண்டருக்கு கொஞ்சம் கூடுதலாக, இன்னொன்றுக்கு குறைவாகப் போக வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கார்புரேட்டர் வைத்தால் பாதை குறுகும், அதிகக் காற்று உள்ளே வரும். பவரும் கூடும், த்ராட்டில் ரெஸ்பான்ஸும் கூர்மையாகும்.

அமெரிக்காவில் 1930, 40-களில் பழைய ஃபோர்டு கார்களை வேகத்துக்காக மாற்றி 'ஹாட் ராட்' ஆக்கியவர்கள், இன்ஜின் மேல் இரண்டு மூன்று கார்புரேட்டரை வரிசையாக அடுக்கியதும் இதற்காகத்தான். நம் ஊரிலும் வேகப் பித்துக்குப் பஞ்சம் இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில், இப்படி கைவேலை செய்த கார்களும் பைக்குகளும் பல ஆண்டுகள் பந்தயம் ஓடியிருக்கின்றன.

நம் சாலைகளில் இரட்டை கார்புரேட்டருக்குப் பெயர்போன வண்டி ஆர்டி350தான். யமஹாவின் தொழில்நுட்பத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் தயாரித்த 347 சிசி டூ ஸ்ட்ரோக். இரண்டு சிலிண்டர், இரண்டு மிக்குனி கார்புரேட்டர்.

எஃப்ஐ-யில் என்ன வித்தியாசம்?

ஃப்யூல் இன்ஜெக்‌ஷனில் காற்று பெட்ரோலை இழுப்பதில்லை. ஒரு பம்ப் பெட்ரோலை சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. காற்றழுத்தம், வெப்பம், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையெல்லாம் சென்சார்கள் சொல்ல, இ.சி.யு என்ற குட்டி கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று நொடிக்கு நொடி முடிவு செய்கிறது.

இதன் பலனை மலை ஏறும்போது பார்க்கலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டி சமவெளியில் கொடுத்த அளவை ஒட்டியே பெட்ரோலைக் கொடுக்கும். விளைவு? மைலேஜ் குறையும், பிளக் கருக்கும். எஃப்ஐ வண்டி தானே அளவைக் குறைத்துக்கொள்ளும்.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது, பெரும்பாலான பைக்குகள் எஃப்ஐ-க்கு மாறியதற்கும் இந்தத் துல்லியம்தான் காரணம்.

அப்போ எஃப்ஐ என்றாலே பவர் அதிகமா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

பல்சர் 220 நினைவிருக்கிறதா? 2007-ல் எஃப்ஐ-யோடு வந்தது. 2009-ல் பஜாஜ் அதையே கார்புரேட்டருக்கு மாற்றியது. விலை குறைந்தது, பவர் குறையவில்லை.

உண்மையில் இரட்டை கார்புரேட்டரும் எஃப்ஐ-யும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இரட்டை கார்புரேட்டர் தீர்ப்பது காற்றுப் பாதைப் பிரச்னையை. எஃப்ஐ தீர்ப்பது பெட்ரோல் அளவுப் பிரச்னையை. 1960-களில் இங்கிலாந்தில் தயாரான ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டரில் இரண்டு கார்புரேட்டர் இருந்தது. 2018-ல் சென்னை ஆலையிலிருந்து வந்த இன்டர்செப்டர் 650-ல் எஃப்ஐ. ஆனால் அதிலும் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு த்ராட்டில் பாடி! பெட்ரோல் கொடுக்கும் முறை மாறியது, சிலிண்டருக்கு ஒரு காற்றுவழி என்ற யோசனை மாறவில்லை.

ஆக, உங்கள் வண்டியில் ஏற்கெனவே இரண்டு கார்புரேட்டர் சரியாக வேலை செய்தால், எஃப்ஐ போடுவதால் பவர் பெரிதாக எகிறாது. கிடைப்பது துல்லியமும் நிம்மதியும்தான்.

இரட்டை கார்புரேட்டரின் உண்மையான ஆபத்து

ஆர்டி350-ல் ஒரே ஆக்சிலேட்டர் கேபிள் மூன்றாகப் பிரிகிறது. இரண்டு கார்புரேட்டருக்கு, ஒன்று ஆயில் பம்புக்கு. இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில், ஒரே அளவு எழ வேண்டும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'சிங்க்' என்கிறார்கள். ஒரு பக்கம் முந்தினால் ஐடிலிங் தடுமாறும், வண்டி அதிரும்.

அதைவிட மோசம், ஒரு பக்க ஜெட்டில் மட்டும் தூசி அடைப்பது. அந்த சிலிண்டருக்கு பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். இன்னொரு சிலிண்டர் இழுத்துக்கொண்டே இருப்பதால் உங்களுக்கு உடனே தெரியாது. ஹைவேயில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பிஸ்டன் சீஸ் ஆகி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். கிளட்சைப் பிடிக்கத் தவறினால் கீழே விழ வேண்டியதுதான்.

இ20 பெட்ரோல் வந்த பிறகு கவனம்

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சாதாரண பெட்ரோல் 1 கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. இ20-க்கு சுமார் 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவை 'லீன்' ஆகும், இன்ஜின் கூடுதலாகச் சூடாகும். டூ ஸ்ட்ரோக்கில் இது மேலே சொன்ன சீஸ் ஆபத்தை இன்னும் அதிகரிக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் பதம் பார்க்கும். ஆக்சிஜன் சென்சார் உள்ள எஃப்ஐ வண்டி, தன் வரம்புக்குள் இதை ஓரளவு சரிக்கட்டிவிடும்.

கார்புரேட்டர் வண்டிக்குத் தீர்வு இருக்கிறது. ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் தேவையா என்று பிளக்கைப் பார்த்து முடிவு செய்யலாம். இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம். இரண்டு பிளக்கும் இரண்டு நிறத்தில் இருந்தால், ஒரு கார்புரேட்டரில் கோளாறு இருக்கலாம். முதலில் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எஃப்ஐ கிட் மட்டும் வாங்கினால் போதுமா?

போதாது. செலவு கிட் விலையோடு நிற்காது.

* பெட்ரோல் டேங்கில் பம்ப் பொருத்தவோ, திரும்பி வரும் குழாய்க்கு வழி செய்யவோ வெல்டிங் வேலை வரும்.
* 3 பார் அழுத்தத்துக்குத் தாங்கும் தனி ஹோஸ் வேண்டும். சாதாரண டியூப் போட்டு கசிந்தால், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். தீப்பிடிக்கும் அபாயம்.
* பம்புக்கும் இ.சி.யு-வுக்கும் தொடர்ந்து கரன்ட் வேண்டும். பழைய வண்டியின் சார்ஜிங் சிஸ்டம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.
* கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்ல ஒரு சென்சார் பொருத்த வேண்டும்.
* கடைசியாக, 'மேப்பிங்'. லேப்டாப்பில் உட்கார்ந்து உங்கள் இன்ஜினுக்கு ஏற்ப இ.சி.யு-வை டியூன் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. எரியாத கலவையில் கொஞ்சம் நேராக சைலன்ஸர் வழியே போய்விடும். அதனால் ஆக்சிஜன் சென்சார் தவறான கணக்குச் சொல்லும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் செய்வதுபோல இதில் எளிதாக எஃப்ஐ மாற்ற முடியாததற்கு இதுவும் காரணம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வழியில் நின்றால் யார் சரிசெய்வார்? கார்புரேட்டரை செஞ்சி, திண்டிவனம் மாதிரி ஊர்களில் அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரோடு கழற்றி, ஜெட்டை ஊதி, ஓட வைத்துவிடுவார். வெளியே வாங்கிப் போட்ட இ.சி.யு படுத்துவிட்டால், வண்டியை லோடு வண்டியில் ஏற்ற வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க 182ஏ பிரிவில் இடம் உண்டு.

அதனால் இன்ஜின் பக்கம் பெரிய மாற்றம் செய்யும் முன் உங்கள் ஆர்.டி.ஓ அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். சொல்லாமல் மாற்றினால், விபத்து நேரத்தில் க்ளெய்ம் சிக்கலாகலாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

* ஆர்டி350 போன்ற பழைய டூ ஸ்ட்ரோக்: இரட்டை கார்புரேட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். எஃப்ஐ-க்குப் போகும் பணத்தை புது ஜெட், நீடில், ரப்பர் பாகங்கள், சரியான சிங்க் ஆகியவற்றுக்குச் செலவிடுங்கள்.
* ஃபோர் ஸ்ட்ரோக், தினசரி ஓட்டம், அடிக்கடி மலைப்பயணம்: எஃப்ஐ உதவும். ஆனால் மேப்பிங் செய்யும் ஆளை முதலில் பிடியுங்கள், கிட்டைப் பிறகு வாங்குங்கள்.
* இரட்டை சிலிண்டரும் வேண்டும், தொல்லையும் கூடாது: எஃப்ஐ-யோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் வண்டியை வாங்குவதே லாபம்.
* ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டப்போகிறீர்களா? இருங்காட்டுக்கோட்டை, கோவை டிராக்குகளில் அந்தந்தப் போட்டியின் விதிகள்தான் கணக்கு. உங்கள் பிரிவில் என்ன அனுமதி என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கார்புரேட்டர் வண்டியில் அடுத்த ரைடு கிளம்புகிறீர்கள் என்றால் மூன்று வேலையை மட்டும் மறக்காதீர்கள். பல நாள் நிறுத்தியிருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். ஆயில் டேங்கைப் பாருங்கள். இரண்டு பிளக்கின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலைதான். பிஸ்டனும் தப்பும், நீங்களும் பத்திரமாக வீடு திரும்பலாம்.